மில்டன் கீன்ஸில் ஒரு வாக்கு, நியூ ஜெர்சியில் ஒரு பேருந்து

1

“அம்மா, எனக்கு எந்த ஊர்ல ஓட்டு இருக்கு?”

என் மகள் யாழினி இதைக் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அடுப்படியில். மே மாதம் பிறந்திருந்தது. நான் ஒரு கையில் தோசைத் திருப்பியும் மறு கையில் கைபேசியுமாக இங்கிலாந்தின் உள்ளாட்சித் தேர்தல் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு வேட்பாளர் வெளிநாட்டவரைப் பற்றி என்னவோ சொல்ல, நான் “அடப்பாவி” என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். தோசை கருகிப்போனது.

யாழினிக்குப் பத்து வயது ஆகப் போகிறது. நாங்கள் தமிழில் பேசினால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். விஷயம் முக்கியம் என்று அவளுக்குத் தோன்றினால் மட்டும் தமிழுக்கு வருவாள். அதனால் கேள்வியைக் கேட்டதுமே கைபேசியைக் கீழே வைத்தேன்.

“இந்தியாவுல இருக்கு, கண்ணு. பதினெட்டு வயசு ஆனதும்.”

“நான் அங்க மூணு தடவைதான் போயிருக்கேன். யாருக்குப் போடணும்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் பொறந்தது இங்கிலாந்துதானே, அங்க?”

“பொறந்தா மட்டும் போதாது. அங்க போய்க் குடியிருந்தா உண்டு.”

“இங்க?”

“இங்க… இப்போதைக்கு இல்ல.”

“தம்பிக்கு?”

தம்பி கவினுக்கு மூன்றரை வயது. நியூ ஜெர்சியில் பிறந்தவன். அவன் அப்போது மேசைக்கு அடியில் உட்கார்ந்து சட்னியைத் தரையில் தடவிக்கொண்டிருந்தான். எங்கள் நால்வரில் அமெரிக்கக் குடிமகன் அவன் ஒருவன்தான்.

“தம்பிக்கு இங்க இருக்கு,” என்றேன்.

“தட்ஸ் நாட் ஃபேர்,” என்றாள் யாழினி. என் கணவர் சரவணன் காபித் தம்ளரோடு மெல்ல அடுத்த அறைக்கு நழுவினார். இந்தப் பேச்சு அடுத்து எங்கே போய் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். இந்தியாவில் பிறந்தவர்களுக்கான கிரீன் கார்டு வரிசை எப்போது நகரும் என்று யாராலும் சொல்ல முடியாது. யாழினிக்கு இருபத்தொரு வயது ஆகும்வரை அது நகராவிட்டால் அவள் எங்கள் விண்ணப்பத்திலிருந்தே விழுந்துவிடுவாள். பத்து வயதுக் குழந்தையிடம் இதைத் தோசை சுட்டுக்கொண்டே எப்படிச் சொல்வது?

“அப்போ நீ எதுக்கு இங்கிலாந்து எலெக்‌ஷனுக்குக் கோபப்படற?” என்றாள். இது அவளுடைய கடைசிக் கேள்வி. இதற்கு மட்டும் என்னிடம் பதில் உண்டு.

நான் என் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் வாக்களித்திருக்கிறேன். அது இங்கிலாந்தில்.

2

எனக்கு ஓட்டு இருந்தது விருதுநகரில்; பதினெட்டு ஆனபோது கோயம்புத்தூரில் விடுதியில் இருந்தேன். அடுத்த தேர்தலின்போது பரீட்சை. அதற்கடுத்ததற்குள் கல்யாணமாகி மில்டன் கீன்ஸ் போய்விட்டேன். லண்டனுக்கு வடக்கே, வட்டச் சாலைச் சந்திப்புகளால் ஆன ஓர் ஊர் அது. ஒரு சந்திப்பைச் சுற்றி வெளியே வந்தால் அதே மாதிரி இன்னொன்று நிற்கும். புதிதாக வந்தவர்கள் எல்லாரும் முதல் மாதம் வீடு திரும்ப வழி தெரியாமல் சுற்றியிருக்கிறோம்.

யாழினிக்கு இரண்டு வயது ஆகவிருந்த சமயம், ஒரு நாள் தபாலில் என் பெயருக்கு வாக்காளர் அட்டை வந்தது. வளர்மதி சரவணன் என்று எழுத்துப் பிழைகூட இல்லாமல். குடிவந்த புதிதில் நகர மன்றத்துப் படிவம் ஒன்றை நிரப்பி அனுப்பியது எனக்கு மறந்தே போயிருந்தது. அரசாங்கம் ஏதோ தவறு செய்துவிட்டது, நான் இதைக் கையில் வைத்திருந்தால் நாளைக்கு விசாவுக்குப் பிரச்சினை வரும் என்று நினைத்தேன். நாணயமாகத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று ஓர் உறையும் வாங்கினேன். யாருக்கு அனுப்புவது என்று கேட்க, தேவாலயக் கூடத்தில் நடக்கும் குழந்தைகள் விளையாட்டுக் குழுவுக்கு எடுத்துப் போனேன்.

அங்கேதான் கெல்லி தன் கடைக்குட்டியோடு இருப்பாள். பெரிய கடையொன்றில் காசாளர். என்னைவிட இரண்டு வயது மூத்தவள், என்னைவிட இருபது மடங்கு சத்தமானவள். வளர்மதி என்பது வாயில் வராததால் என்னை ‘வேல்’ என்று கூப்பிடுவாள். (முருகன் கோவிலுக்குள் நுழைந்த மாதிரி இருக்கிறது என்பார் சரவணன்.) அவள் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலக வேண்டும் என்று வாக்களித்தவள். வெளிநாட்டுக்காரர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்று என்னிடமே சொல்வாள். “உன்னைச் சொல்லலை, வேல். நீ நல்லவ,” என்று என் தட்டிலிருந்து முறுக்கை எடுத்துக்கொள்வாள்.

அவளிடம் அட்டையைக் காட்டினேன்.

“திருப்பிக் குடுக்கப் போறியா? ஏன்?”

“நான் இந்தியக் குடிமகள், கெல்லி. இது தப்பா வந்திருக்கு.”

அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதிலிருந்த எண்ணுக்கு அங்கேயே போன் போட்டாள். அந்தப் பக்கம் சொன்னதைக் கேட்டுவிட்டு என்னை வினோதமாகப் பார்த்தாள். இந்தியா போன்ற காமன்வெல்த் நாடுகளின் குடிமக்கள் பிரிட்டனில் சட்டப்படி வசித்தால் அங்கே வாக்களிக்கலாம். அவளுக்கே அது அன்றுதான் தெரியும்.

“சரி, தப்பில்லையாம். வரி கட்டறல்ல? அப்போ வந்து போடு. எங்க பள்ளிக்கூட லாலிபாப் லேடியை எடுக்கப் போறாங்க, தெரியுமா உனக்கு?”

லாலிபாப் லேடி என்றால், பள்ளிக்கூடம் முன்னால் வட்டமான பலகை பொருத்திய கோலைப் பிடித்து வண்டிகளை நிறுத்திக் குழந்தைகளைச் சாலை கடக்க வைக்கும் அம்மாள். செலவைக் குறைக்க நகர மன்றம் அந்த வேலையை எடுக்கப் பார்த்தது. கெல்லி என்ன செய்தாள் என்றால், தன் பகுதி மன்ற உறுப்பினர் சனிக்கிழமை நூலகத்தில் மக்களைச் சந்திக்கும் நேரத்தில் போய் உட்கார்ந்தாள். கெஞ்சவும் இல்லை, மனு கொடுக்கவும் இல்லை. “திங்கக்கிழமை காலையில வந்து எங்க பசங்களோட அந்த ரோட்டை ஒரு தடவை கடந்து பாருங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். அவர் வந்தார். லாலிபாப் லேடி தப்பித்தாள்.

வாக்களிக்கும் நாளன்று கெல்லி என்னை இழுத்துக்கொண்டு போனாள். அதே தேவாலயக் கூடம். போலீஸ் இல்லை, வரிசை இல்லை, வாசலில் யாருடைய நாயோ கட்டிக் கிடந்தது. கம்பளிச் சட்டை போட்ட ஓர் அம்மாள் பெயரும் முகவரியும் கேட்டார். சொன்னேன். சீட்டு கொடுத்தார். கயிற்றில் கட்டிய பென்சிலால் பெருக்கல் குறி போட்டு, மடித்துப் பெட்டியில் போட்டேன். அதன்பிறகு, சிறுவயதிலிருந்து அப்பா அம்மா விரல்களில் பார்த்துப் பழகிய நினைப்பில், இடது கை ஆட்காட்டி விரலை அந்த அம்மாளிடம் நீட்டினேன்.

அவர் விரலைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். “அடிபட்டுடுச்சா, கண்ணு? பிளாஸ்டர் தரட்டுமா?”

கெல்லி சிரித்த சிரிப்பில் வாசலிலிருந்த நாய் குரைத்தது.

3

இப்போது என் கருத்துகளைச் சொல்லிவிடுகிறேன். வருடக்கணக்காகச் செய்தி பார்த்துத் தோசையைக் கருக்குபவளுக்கு இவ்வளவு உரிமைகூட இல்லாமலா போகும்?

பிரிட்டன் செய்கிற மிகப் பெரிய மரியாதை, நேற்று வந்தவளின் வீட்டுக்கு வாக்காளர் அட்டை அனுப்புவதுதான். அவர்கள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதே இல்லை. பலருக்குத் தெரியவும் தெரியாது. தெரிந்தவர்களில் சிலர் இப்போது அதை நிறுத்த வேண்டும் என்கிறார்கள். நிறுத்தினால் நஷ்டம் எங்களுக்கு மட்டும் இல்லை. அன்று அந்தக் கூடத்திலிருந்து வெளியே வந்த பிறகுதான் நான் தெருவில் கிடந்த குப்பையைப் பார்த்து ‘இவங்க ஊர்’ என்பதை விட்டு ‘நம்ம ஊர்’ என்று கோபப்பட ஆரம்பித்தேன்.

அடுத்தது வசிப்புரிமை. ஐந்து ஆண்டு வேலை செய்தால் நிரந்தரமாக இருக்கலாம் என்று சொல்லி அழைத்தார்கள். இப்போது பெரும்பாலோருக்குப் பத்து ஆண்டு என்கிறார்கள். ஏற்கனவே போய்ப் பாதியில் நிற்பவர்களையும் அதில் சேர்ப்பது பற்றிப் பேச்சு நடக்கிறது. புதிதாக வருபவர்களுக்கு விதியை மாற்ற ஒரு நாட்டுக்கு முழு உரிமை உண்டு. ஓடிக்கொண்டிருப்பவருக்கு முன்னால் எல்லைக் கோட்டைத் தூக்கித் தள்ளி வைப்பது வேறு விஷயம். கோடே தெரியாத ஓட்டத்தில் இருக்கும் அமெரிக்கத் தமிழர்களுக்கு அந்த மூச்சிரைப்பு நன்றாகத் தெரியும்.

கொடிகள். போன வருடத்திலிருந்து அங்கே விளக்குக் கம்பங்களில் எல்லாம் நாட்டுக் கொடி கட்டுகிறார்கள். கெல்லியும் படம் அனுப்பினாள், எங்கள் பழைய வட்டச் சந்திப்பில் ஏணி மேல் நின்றபடி. எனக்குக் கொடியைக் கண்டால் பயமில்லை. அமெரிக்காவில் கார் விற்கும் கடையில்கூட வானம் மறைக்கும் கொடி பறக்கிறது. அந்தக் கம்பத்தின் கீழே தள்ளுவண்டியில் குழந்தையோடு நடக்கும் ஒரு பெண், இது என்னை வரவேற்கவா, விரட்டவா என்று யோசிக்க வேண்டியிருக்கிறதே, அதுதான் புதிது. நான் இருந்தபோது யோசித்ததில்லை.

கெல்லியின் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அவளுக்குப் பல் மருத்துவர் கிடைக்கவில்லை. டாக்டரைப் பார்க்கக் காலை எட்டு மணிக்குப் போனில் தொங்க வேண்டும். வளர்ந்த மகனுக்குத் தனியாக வீடு பார்க்க வாடகை கட்டுப்படியாகவில்லை. பெரிய கட்சிகள் இரண்டும் மாறி மாறி ஆண்டும், பிரதமர்கள் மாறி மாறி தங்கள் அரசு இல்லத்தின் கறுப்புக் கதவுக்கு முன் நின்று பேசியும், அவள் பல்வலி போகவில்லை. அதனால் மூன்றாவதாக ஒரு புதுக் கட்சி வந்து, எல்லாவற்றுக்கும் காரணம் வந்தேறிகள்தான் என்றால் அவளுக்கு இனிக்கிறது. நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: “நாங்க எல்லாரும் போயிட்டா பல் டாக்டர் வந்துடுவாரா, கெல்லி?” அவள் அம்மா இருக்கும் முதியோர் இல்லத்தில் அவரைக் குளிப்பாட்டி, தலைசீவி, தூங்க வைப்பது கோட்டயத்துப் பெண். “அவ தேவதை,” என்பாள் கெல்லி. அந்த மாதிரி வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அடுத்த தேவதை எங்கிருந்து வருவாள் என்றால் பேச்சை மாற்றிவிடுவாள்.

இத்தனைக்குப் பிறகும் அந்த நாட்டின் மேல் எனக்கு நம்பிக்கை உண்டு. பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு வாக்குரிமை கொடுக்கப் போகிறார்கள். முடிவு அறிவிக்கும் மேடையில் பிரதமரும் கோமாளி வேஷம் போட்ட வேட்பாளரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். தோற்ற பிரதமர் கை குலுக்கிவிட்டு மறுநாள் அரசு வீட்டைக் காலி செய்கிறார். இப்படி ஒரு பழக்கம் இருக்கும் ஊர் ரொம்ப நாள் தடம் மாறி நிற்காது என்பது என் எண்ணம். தவறாகவும் இருக்கலாம். நான் எதையும் சொல்லிவிட்டு இரண்டு தடவை யோசிப்பவள்.

4

இனி இங்கே நடந்தது.

எங்கள் ஊர் மத்திய நியூ ஜெர்சியில் இருக்கிறது. மளிகைக்கு மான்மவுத் ஜங்ஷன் பக்கம் போவோம் என்பதற்கு மேல் எழுத வேண்டாம் என்று சரவணன் சொல்லியிருக்கிறார். எங்கள் அடுக்கு வீட்டுக் குடியிருப்பில் பாதிக்கு மேல் நம் ஆட்கள். ஏப்ரல் கடைசியில், ஊர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. வீடு பள்ளிக்கு இரண்டு மைலுக்குள் இருப்பதால் அடுத்த கல்வியாண்டிலிருந்து எங்கள் குடியிருப்புக்குப் பள்ளிப் பேருந்து இருக்காது. செலவுக் குறைப்பு. குழந்தைகள் நடந்து வரலாம்.

வழியில் நான்கு தடச் சாலை ஒன்று இருக்கிறது. சரக்கு லாரிகள் போகும். ஓரமாக நடைபாதை கிடையாது, புல்லும் பள்ளமும்தான்.

குடியிருப்பு வாட்ஸாப் குழு கொதித்தது. “ரிடிகுலஸ்” என்றார்கள். அழும் முகம் போட்டார்கள். யாரோ ஒருவர் மனு எழுதலாம் என்றார், எல்லாரும் கட்டைவிரல் காட்டினார்கள். யாரும் எழுதவில்லை. செவ்வாய்க்கிழமை மாலை வாரியக் கூட்டம், பொதுமக்கள் மூன்று நிமிடம் பேசலாம் என்று தகவல் வந்ததும் குழு அமைதியாகிவிட்டது.

கீழ்வீட்டு ஷாஹிதா அக்கா கதவைத் தட்டினார். கீழக்கரைக்காரர், மருந்தாளுநர். “வளரு, நீதான் பேசணும். கவுன்சில், எலெக்‌ஷன்னு என்னமா பேசுவே, வாசப்படியில நின்னுக்கிட்டு! இப்பப் பேசு.”

“நீங்க பேசுங்கக்கா.”

“எனக்குச் செவ்வாக்கிழமை டூட்டி. இல்லாட்டி உன்னைக் கெஞ்சுவேனா நான்?”

சரவணன் மறுத்தார். கோபமாக இல்லை, பயமாக. “மைக்ல பேரும் அட்ரஸும் சொல்லணுமாம், மதி. வீடியோ எடுத்துப் போட்டுடுவாங்க. டிசம்பர்ல நாம மெட்ராஸுக்கு விசா ஸ்டாம்பிங் போகணும். சோஷியல் மீடியா எல்லாம் ஓப்பன் பண்ணி வைங்கன்னு சொல்றாங்க இப்ப. எதையாவது பார்த்துட்டுத் திரும்ப உள்ள விடலன்னா? மெட்ராஸ்ல மாட்டிக்கிட்டா இங்க வேலை, வீடு, ஸ்கூல்?”

அவர் பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. எனக்கும் அதே பயம்தான். ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கப் போனபோது, வாக்காளராகப் பதிவு செய்ய விருப்பமா என்று திரையில் கேட்டது. கை தவறி ‘ஆம்’ பட்டுவிடக் கூடாதே என்று, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அலுவலரைக் கூப்பிட்டவள் நான். குடியுரிமை இல்லாதவர் இங்கே அதைத் தொட்டால் கிரீன் கார்டுக் கனவே முடிந்துவிடும். ஒரு நாட்டில் வாக்கு என்னைத் தேடி வீட்டுக்கு வந்தது. இன்னொரு நாட்டில் அதன் பக்கத்தில் போகவே நடுங்குகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் கெல்லிக்குப் போன் செய்தேன். வியாழக்கிழமைத் தேர்தலில் அந்தப் புதுக் கட்சிக்குத்தான் போடப் போவதாக அவள் முன்பே சொல்லியிருந்தாள். நான் பேருந்துக் கதையைச் சொன்னதும் கொதித்துப் போனாள்.

“என்னது, வரி வாங்கிக்கறாங்க, ஓட்டு கிடையாதா? எவ்வளவு வருஷமா? ஒரு பஸ்ஸைப் பத்திப் பேசக்கூடப் பயமா? என்ன நாடு அது? நீ என்ன குத்தம் பண்ணினே?”

“ஒரு குத்தமும் பண்ணலை. கெல்லி, நீ வியாழக்கிழமை யாருக்குப் போடப் போறியோ, அவங்க உன் ஊர்ல இருக்கறவங்களுக்கும் இந்த வாழ்க்கையைத்தான் தரப் போறாங்க. உங்கம்மாவைத் தூங்க வைக்கற பொண்ணு நாளைக்கு இப்படித்தான் வாயை மூடிட்டு இருப்பா.”

எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. கெல்லி, “சரி, அடுப்புல ஏதோ இருக்கு,” என்று வைத்துவிட்டாள். நட்பு போயிற்று என்று நினைத்தேன். அன்று மாலை முழுக்க மன்னிப்புச் செய்தியை எழுதி எழுதி அழித்தேன். அனுப்பவில்லை. சொன்னது உண்மை என்பதால்.

ஆனால் அதைச் சொன்ன பிறகு ஒரு சங்கடம் வந்து உட்கார்ந்துகொண்டது. அடுத்தவள் வாய் மூடிக் கிடப்பதற்காகச் சண்டை போட்டுவிட்டு நான் எப்படி மூடிக்கொண்டிருப்பது?

“நான் போறேங்க,” என்றேன் சரவணனிடம். “வோட் கேக்கப் போகல. பஸ் கேக்கப் போறேன்.”

அவர் காபித் தம்ளரோடு மறுபடி அடுத்த அறைக்கு நழுவினார்.

5

செவ்வாய்க்கிழமை மாலை யாழினியும் நானும் போனோம். பள்ளி நூலகத்தில் கூட்டம். வாரிய உறுப்பினர்கள் நீள மேசைக்குப் பின்னால். கேட்க வந்தவர்களில் எங்கள் குடியிருப்பு ஆட்கள் நாலைந்து பேர், கடைசி வரிசையில், கைபேசியைப் பார்த்தபடி. என்னைத் தெரியாதது போல ஒரு புன்னகை.

என் முறை வந்தது. மைக் என் உயரத்துக்கு இல்லை.

“பேரும் முகவரியும் சொல்லுங்க,” என்றார் தலைவராக இருந்த பெண்மணி.

“ரெஸ்பெக்டட் மேடம்,” என்று தொடங்கினேன். பக்கத்திலிருந்து யாழினி “அம்மா, நோ” என்று முனகியது கேட்டது. “என் பேர் வளர்மதி சரவணன்.” அடுத்து முகவரி. பெயரும் முகவரியும் கேட்டு ஒரு மேசைக்கு முன்னால் நான் நின்றது இதற்கு முன் வாழ்க்கையில் ஒரு முறைதான். பயத்தில் மூளை நேராக அங்கே போய்விட்டது. என் வாயிலிருந்து மில்டன் கீன்ஸ் வீட்டு எண்ணும் தெருவும் வந்தன. அஞ்சல் குறியீட்டுடன்.

தலைவர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். “அது நம்ம டவுன்ஷிப்ல இருக்கா?”

அறையில் யாரோ சிரித்தார்கள். எனக்கு இந்த வீட்டின் எண் மறந்துபோனது. சத்தியமாக நினைவுக்கு வரவில்லை. ஏழு வருடமாகக் குடியிருக்கும் வீடு. பொய் முகவரி சொன்ன வெளிநாட்டுக்காரி, வீடியோவில், டிசம்பரில் ஸ்டாம்பிங்…

“பில்டிங் லெவன்! அபார்ட்மென்ட் சி!”

கதவுப் பக்கமிருந்து வந்த குரல். திரும்பினேன். சரவணன். அலுவலக அடையாள அட்டை கழுத்தில் தொங்க, தோளில் கவின். தெருப் பெயரையும் சேர்த்து, எழுதுபவர் வசதிக்காக நிறுத்தி நிறுத்தி, இரண்டாவது முறை சொன்னார். எந்த முகவரியை மைக்கில் சொல்லக் கூடாது என்று நான்கு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாரோ அதை, மைக் இல்லாமலே வீடியோவில் விழும்படி. “சேம் ஹவுஸ். ஐ ஆம் தி ஹஸ்பண்ட்,” என்றும் ஒரு வார்த்தை.

இப்போது எல்லாரும் சிரித்தார்கள். தலைவரும். அந்தச் சிரிப்பில் நான் மைக்கை என் உயரத்துக்கு இறக்கிக்கொண்டேன்.

நான் தயாரித்து வைத்திருந்த உரை மறந்துவிட்டது. கெல்லி செய்ததுதான் நினைவில் நின்றது. “எனக்கு இங்கே வாக்கு இல்லை,” என்றேன். “உங்களைத் தேர்ந்தெடுக்கவோ தோற்கடிக்கவோ என்னால் முடியாது. அதனால் மிரட்ட வரவில்லை. அழைக்க வந்திருக்கிறேன். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கள் குடியிருப்பு வாசலில் நானும் என் மகளும் நிற்போம். பள்ளிக்கு நடக்கப் போகிறோம். உங்களில் ஒருவராவது கூட நடந்து வாருங்கள். வந்து பார்த்த பிறகும் பேருந்து வேண்டாம் என்று தோன்றினால், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.”

மூன்று நிமிடத்தில் பாதிகூட ஆகவில்லை. கைதட்டல் இல்லை. “நன்றி, அடுத்தவர்,” என்றார்கள்.

காரில் ஏறியதும் சரவணனைப் பார்த்தேன். “எதுக்கு வந்தீங்க?”

“இவன் அம்மா அம்மான்னு அழுதான்,” என்றார், கவினைக் காட்டி. கவின் வாய் நிறைய பிஸ்கட்டோடு சிரித்துக்கொண்டிருந்தான்.

6

வியாழக்கிழமை தூறல். இங்கிலாந்தில் அன்று வாக்குப்பதிவு. யாரும் வர மாட்டார்கள் என்று நினைத்துத்தான் இறங்கினேன்.

வாசலில் ஷாஹிதா அக்கா, இரண்டு பிள்ளைகளோடும் ஒரு பிளாஸ்க் டீயோடும். “மூஞ்சியப் பாரு, பரீட்சைக்குப் போற மாதிரி,” என்றார். அதன்பின் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. மடிக்கணினிப் பை மாட்டிய அப்பாக்கள். தள்ளுவண்டியோடு அம்மாக்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோர்கள், புடவைக்கு மேல் ஸ்வெட்டர், காலில் மகன் வாங்கிக் கொடுத்த விளையாட்டு ஷூ. வீடியோவைப் பார்த்தார்களாம். மில்டன் கீன்ஸ் முகவரியைக் குழுவில் எல்லாருமாகச் சேர்ந்து கிண்டலடித்து முடித்த பிறகு, யாரோ “எட்டு மணி” என்று மட்டும் போட்டிருக்கிறார்கள்.

எட்டு அடிப்பதற்குள் இரண்டு கார்கள் வந்து நின்றன. வாரியத்திலிருந்து இரண்டு பேர். ஒருவர் தலைவர் அம்மாள். பளபளக்கும் அலுவலகச் செருப்பு போட்டிருந்தார்.

நடந்தோம். சாலை ஓரம் வந்ததும் பேச்சு நின்றது. நடைபாதை இல்லாத இடத்தில் ஒருவர் பின் ஒருவராகப் புல்லில் போனோம். முதல் லாரி கடந்தபோது அது கிளப்பிய காற்றில் குடைகள் மடங்கின. யாழினி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். தலைவர் அம்மாள் ஓர் அடி பின்னால் வைத்தார். அந்த அடி பள்ளத்தில் போயிற்று. கணுக்கால்வரை சேறு.

யாரும் சிரிக்கவில்லை. ஷாஹிதா அக்கா கை கொடுத்துத் தூக்கிவிட்டு, டீ ஊற்றிக் கொடுத்தார். தலைவர் அம்மாள் ஒரு வாய் குடித்துவிட்டு, சாலையைக் கடக்க வண்டிகள் ஓயும் நேரத்துக்காகக் காத்திருந்தார். காத்துக்கொண்டே இருந்தார். என்னைப் பார்த்து, “உங்க பொண்ணு பேர் என்ன?” என்று மட்டும் கேட்டார்.

பள்ளிக்கூட வாசலை அடைந்தபோது என் கைபேசியில் கெல்லியின் குரல் செய்தி காத்திருந்தது. நான்கு நாள் மௌனத்துக்குப் பிறகு. “வேல், ஓட்டுப் போட்டுட்டு வந்தேன். இப்பல்லாம் போட்டோ ஐடி கேக்கறாங்க, போட்டோல கண்றாவியா இருக்கேன். யாருக்குப் போட்டேன்னு சொல்ல மாட்டேன், கேக்காதே. ஆனா பென்சிலைக் கையில எடுத்ததும் உன்னோட அந்த விரல் ஞாபகம் வந்துடுச்சு. ரொம்ப நேரம் நின்னுட்டேன் உள்ள. உன் பஸ் என்னாச்சு?”

அவள் யாருக்குப் போட்டாளோ, எனக்குத் தெரியாது. அந்த ‘ரொம்ப நேரம்’ எனக்குப் போதும்.

அடுத்த கூட்டத்தில் நாற்காலி போதவில்லை. எங்கள் சாலையை ‘ஆபத்தான பாதை’ என்று அறிவித்துப் பேருந்தைத் தொடரத் தீர்மானம் வந்தது. கை தூக்கச் சொன்னார்கள். மேசைக்குப் பின்னால் அத்தனை கைகளும் உயர்ந்தன. என் பக்கத்திலிருந்த ஷாஹிதா அக்கா உற்சாகத்தில் தானும் தூக்கிவிட்டு, சட்டென்று இறக்கி முக்காட்டைச் சரிசெய்தார்.

நாங்கள் ஜெயித்தோம். இந்த வார்த்தையை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். இரண்டு நாட்டிலும் குடியுரிமை இல்லாத ஒருத்தி, ஒரு நாட்டில் கற்றதை இன்னொரு நாட்டில் செய்து ஜெயித்தாள்.

7

அன்று வீடு வந்ததும் யாழினி தன் பென்சில் டப்பாவைத் துழாவி, ஊதா மார்க்கர் ஒன்றை எடுத்து வந்தாள்.

“அம்மா, அந்த ஃபிங்கரைக் குடு. இங்கிலாந்துல நீட்டினது.”

நீட்டினேன். நகத்திலிருந்து தோல்வரை ஒரு கோடு இழுத்தாள். நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, மிகக் கவனமாக. “நவ் யூ வோட்டட்,” என்றாள். சரவணன் அதைப் படம் எடுத்தார். எடுத்துவிட்டு, அழிக்கலாமா வேண்டாமா என்று சற்று யோசித்தது தெரிந்தது. அழிக்கவில்லை. கெல்லிக்கு அனுப்பினேன். “இதுக்குப் பிளாஸ்டர் வேணாம்,” என்று பதில் வந்தது.

டிசம்பரில் சென்னையில் என்ன கேட்பார்களோ என்ற பயம் போகவில்லை. பேசியிருக்கக் கூடாதோ என்று வாரத்தில் ஒரு முறையாவது நினைக்கிறேன். செப்டம்பரில் மஞ்சள் பேருந்து வாசலில் வந்து நிற்கும்போது நினைக்க மாட்டேன் என்று நம்புகிறேன்.

ஆனால் அன்று கோடு போட்டு முடித்ததும் யாழினி மார்க்கரை மூடவில்லை. என் கையில் கொடுத்துவிட்டுத் தன் இடது கை ஆட்காட்டி விரலை நீட்டினாள். எனக்கு எந்த ஊர்ல ஓட்டு இருக்கு என்ற கேள்வியை மறுபடி கேட்கவில்லை. தமிழிலும் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை. சும்மா நீட்டிக்கொண்டு நின்றாள். மேசைக்கு அடியிலிருந்து கவினும் தன் விரலை நீட்டினான்.

இரண்டு பேருக்கும் ஒரே அளவில் கோடு போட்டேன். கவினுடையது குளித்ததும் போய்விட்டது. யாழினி தன் விரலில் மூன்று நாள் தண்ணீர் படாமல் காப்பாற்றினாள். நான்காம் நாள் மை அழிந்த விரலை மறுபடி நீட்டினாள்.

இதைப் படிப்பவர்களில் பிள்ளைகளை வேறு நாட்டில் வளர்த்தவர்கள் இருப்பீர்கள். பேரப் பிள்ளைகளைத் திரையில் மட்டும் பார்ப்பவர்கள் இருப்பீர்கள். ஒவ்வொரு தேர்தலிலும் விரலில் மையோடு வீடு திரும்பி, அதைப் பெரிதாக நினைக்காதவர்களும் இருப்பீர்கள். உங்களில் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள். ஒரே வீட்டில், ஒரே தட்டில் சாப்பிடும் தம்பிக்கு இங்கே வாக்கு உண்டு, உனக்கு எந்த ஊரில் என்று தெரியவில்லை என்பதை, ஒரு பத்து வயதுப் பெண்ணிடம் அவள் கையை இறக்கிவிடாதபடி எப்படிச் சொல்வது? மார்க்கரில் இன்னும் கொஞ்சம் மை இருக்கிறது. அது தீர்வதற்குள் சொன்னால் நல்லது.